புனிதருக்கு எந்த நிறம் தீட்டுவது?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளில் புனிதர்களின் கதை இப்போது கிரேயான், கத்தரி, பசை வழியாகச் சின்னக் குழந்தைகளிடம் போகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் எளிது. நெருப்பும் அம்பும் தோல் நிறமும் வரும்போதுதான் ஆசிரியைகளின் கை தயங்குகிறது.

கிறிஸ்தவப் புனிதர் ஒருவரை வரைந்த இந்தியச் சிறுவர்களில் மிகப் பெயர் பெற்றவன் ஒரு முஸ்லிம் பையன். அபுல் ஹசன் என்ற அந்தச் சிறுவன், முகலாய இளவரசர் சலீமிடம் வேலை பார்த்த பாரசீக ஓவியர் ஒருவரின் மகன். 1600-ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதில், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் செதுக்கோவியம் ஒன்றை வைத்துக்கொண்டு, சிலுவையடியில் நிற்கும் புனித யோவானை அவன் வரைந்தான். டியூரரின் படத்தில் சிலுவை இருந்தது, சுற்றிலும் மற்றவர்கள் இருந்தார்கள். பையன் அதையெல்லாம் விட்டுவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு துக்கத்தில் நிற்கும் அந்த ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கொண்டான். 1580-இல் ஏசு சபைப் பாதிரிமார்கள் அக்பரின் அவைக்கு வந்ததிலிருந்து இப்படிப்பட்ட ஐரோப்பியப் படங்கள் அங்கே கைமாறிக்கொண்டிருந்தன. சலீம் ஜஹாங்கீர் ஆன பிறகு அபுல் ஹசனுக்கு ‘காலத்தின் அற்புதம்’ என்று பட்டமே கொடுத்தார். படம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாலு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. சுமார் இரண்டு கோடி கத்தோலிக்கர்கள் வாழும் இந்த நாட்டில், ஞாயிற்றுக்கிழமை தோறும் புனிதர்களை வரையும் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. மங்களூரானாலும் சரி, வசாய், கோட்டயம், ராஞ்சியானாலும் சரி, காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். திருப்பலி முடிகிறது. பெரியவர்கள் ஆலய வாசலில் கூடி நின்று ஊர்க்கதை பேச, நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையிலான வாண்டுகள் பங்குப் பள்ளியின் பெஞ்சுகளுக்கு ஓட்டிச் செல்லப்படுகிறார்கள். சொல்லித் தருகிறவர்கள் அநேகமாகச் சம்பளம் வாங்காதவர்கள்: கல்லூரி மாணவி, வங்கி ஊழியர், ஓய்வு பெற்ற ஆசிரியை, இரண்டு கன்னியர். கையில் இருப்பது ஒரு மணி நேரம். பசியில் சிணுங்கும் ஒன்று, தூங்கி வழியும் ஒன்று, பக்கத்துப் பையனின் கலர் பென்சிலைப் பிடுங்கும் ஒன்று. இதற்குள் ஒரு புனிதரின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அவசரத்துக்குக் கைகொடுப்பது ஜெராக்ஸ் தாள். தலையைச் சுற்றி ஒரு வட்டம், வானத்தைப் பார்க்கும் கண்கள், கையில் லில்லிப் பூ, கீழே பெயர். குழந்தைகள் கோட்டுக்குள் நிறம் தீட்டுகிறார்கள். பெற்றோர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் ஒட்டுகிறார்கள். அடுத்த ஞாயிறு இன்னொரு தாள், இன்னொரு பெயர், அதே வட்டம். பத்து வாரம் கழித்துக் கேட்டால் பத்துப் புனிதர்களும் குழந்தையின் மனசில் ஒரே ஆள்தான். நல்ல மறைக்கல்வி ஆசிரியைகளின் புலம்பல் எல்லா ஊரிலும் இதுதான். அதனால்தான் தாளை ஒதுக்கிவிட்டு, புனிதரின் வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுக்கும் வழிக்குப் பலர் வருகிறார்கள்.

இந்தியாவில் சிறுவர் மறைக்கல்வியின் ஆரம்பம் காதிலும் வாயிலும்தான் இருந்தது. 1542-இல் கோவா வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் தெருத் தெருவாக மணி அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளையும் அடிமைகளையும் கூட்டிச் சேர்த்தார். ஜெபங்களைப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுத்தார். அதே ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, பரதவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தறிவு தேவைப்படாத முறை. ஆனால் மனப்பாடம் செய்தது புரிந்ததா என்று சோதிக்க அதில் வழியில்லை. படம் வரைந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

பார்த்தால் தெரியும்

புனிதர்களின் சுரூபங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடும். முகம் யாருக்கும் அடையாளம் இல்லை. கையில் இருக்கும் பொருள்தான் அடையாளம். சாவி இருந்தால் பேதுரு. வாள் இருந்தால் பவுல். கதிர்ச் சக்கரம் என்றால் அலெக்சாண்டிரியாவின் கத்தரீன். படிக்கத் தெரியாத மக்களுக்காகவே வளர்ந்த பாஷை இது. ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில் மார்செய் நகர ஆயர் ஒருவர், மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று கோபித்து அவற்றை உடைத்துப் போட்டார். போப் முதலாம் கிரகோரி அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எழுத்து தெரிந்தவனுக்கு வேதம் எப்படியோ, தெரியாதவனுக்குப் படம் அப்படி என்பது அவர் வாதம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஐந்து வயதுக் குழந்தை அந்த மார்செய் மக்களின் நிலையில்தான் இருக்கிறது.

புனித தோமையாரின் கையில் பல படங்களில் ஒரு மூலைமட்டம் இருக்கும். குண்டபோரஸ் என்ற அரசன் மாளிகை கட்டச் சொல்லி அவரிடம் பணம் கொடுத்தானாம். அவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை வானுலகில் தயார் என்றாராம். கதை பழைய சிரியாக் நூல் ஒன்றில் வருகிறது. அப்படி ஓர் அரசன் வடமேற்கு இந்தியாவை ஆண்டது நிஜம் என்பதைப் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்கள் காட்டின. கேரளத்து ஆசிரியைக்கு வேலை சுலபம்: எல்லா அண்ணன்மார் ஜியாமெட்ரி பாக்ஸிலும் மூலைமட்டம் கிடக்கிறது. அதை வைத்துக் கோடு இழுத்து ஒரு வீடு வரையச் சொல்லலாம். வீட்டுக்குள் யாரைக் குடிவைப்பது என்று கேட்கும் போது கதை தானாக வந்துவிடும்.

இந்த வகையில் அள்ள அள்ளக் குறையாதவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா. 1805-இல் குட்டநாட்டின் கைநகரியில் பிறந்து, ஒவ்வொரு ஆலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 2014-இல் புனிதர் பட்டம் பெற்றார். மான்னானத்தில் அச்சுக்கூடம் வைக்க ஆசைப்பட்டார். எந்திரம் வாங்க வசதியில்லை. திருவனந்தபுரம் போய் அரசு அச்சகத்தைப் பார்த்து வந்து, வாழைத்தண்டைச் செதுக்கி ஒரு மாதிரி செய்து தச்சரிடம் காட்டினார். தச்சர் அதைப் பார்த்து மரத்தில் எந்திரம் கட்டினார். 1846-இல் அச்சகம் ஓடத் தொடங்கியது. இந்தக் கதைக்கு ஏற்ற கைவேலை எது என்று யோசிக்கவே வேண்டாம். சமையலறையிலிருந்து ஒரு துண்டு வாழைத்தண்டு, ஒரு வெண்டைக்காய், ஒரு உருளைக்கிழங்கு. குறுக்கே வெட்டி நிறத்தில் தோய்த்து அமுக்கினால் தண்டு வட்டத்துக்குள் வட்டம் போடும்; வெண்டைக்காய் நட்சத்திரம் போடும். உருளைக்கிழங்கில் ஆசிரியை ஓர் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தால் இன்னொரு சங்கதி வெளிப்படும்: நேராகச் செதுக்கினால் அச்சில் திரும்பி விழுகிறது. ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். அச்சகத்தில் எழுத்துகளெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும் என்று சொல்ல அதுதான் சமயம். சாவரா புத்தகத்துக்காக இவ்வளவு பாடுபட்டாரா என்ற ஆச்சரியம், ‘அவர் கல்வித் தொண்டு செய்தார்’ என்று நூறு தடவை ஒப்பித்தாலும் வராது.

அவர் ஊக்குவித்த ‘பிடியரி’யும் அப்படியே. சோறு வடிக்கும்போது ஒவ்வொரு வீடும் ஏழைகளுக்காக ஒரு பிடி அரிசி எடுத்துவைக்க வேண்டும். குழந்தை தன் உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து, அதில் பசை தடவி, தன் பிடியில் அடங்கும் அரிசியை ஒட்டுகிறது. சின்னக் கைக்கு எத்தனை அரிசி என்று எண்ணிப் பார்ப்பதும் வகுப்பில் சேர்த்திதான். (அரிசியை வீணாக்கலாமா என்று கேட்கும் பாட்டிகள் எல்லாப் பங்கிலும் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ரேஷன் உடைசல் போதும்.)

மெழுகா, கடவுளா?

கோவாவின் பெனாலிமில் 1651-இல் பிறந்த ஜோசப் வாஸுக்கு வேறொரு உத்தி பொருந்துகிறது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த இலங்கைக்குள் கூலியாள் வேஷத்தில் நுழைந்தவர். கண்டியில் போர்த்துகீசிய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர். 1696-இல் அங்கே கடும் வறட்சி. மழைக்காகப் பிரார்த்திக்க அரசர் கேட்டுக்கொண்டபோது, சதுக்கத்தில் பீடம் அமைத்துச் சிலுவை நட்டு வாஸ் ஜெபித்தார், மழை கொட்டியது, பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. 2015 ஜனவரியில் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

வகுப்பில் இதற்கு வேண்டியது ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி. வெள்ளைத் தாளில் மெழுகால் ஒரு பீடமும் ஓர் ஆளும் வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. மேலே நீல வாட்டர் கலரைத் தாராளமாகப் பூச, தாள் முழுக்க மழை பெய்கிறது. பீடமும் ஆளும் நனையாமல் வெள்ளையாக எழுந்து நிற்கிறார்கள். சத்தம் போடாத குழந்தை இருக்காது.

ஆனால் வினையும் இங்கேதான். ‘ஃபாதர் வாஸும் மெழுகு தடவியிருந்தாரா?’ என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன பதில்? கையாலாகாத ஆசிரியை, ‘அப்படியெல்லாம் கேட்கக் கூடாது’ என்பார். கெட்டிக்கார ஆசிரியை சிரித்துவிட்டு, ‘நாம் செய்தது மெழுகு வேலை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் தாங்கள் பார்த்ததாகச் சொன்னது இது’ என்று பிரித்துச் சொல்வார். அதிசயத்தைக் கைவேலையாக்கும்போது இந்தப் பிரிவினையைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பத்து வயதில் அந்தக் குழந்தை எல்லா அதிசயத்தையும் மெழுகு என்று முடிவு கட்டிவிடும்.

புராணக் கதைகளுக்கும் இதே நேர்மை தேவை. புனித ஜார்ஜை வரையச் சொன்னால் டிராகன்தான் தாளை அடைத்துக்கொள்ளும். ஜார்ஜும் குதிரையும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பார்கள். வரையட்டும். டிராகன் கதை பின்னால் சேர்ந்தது என்பதைத் திருச்சபையே மறைக்கவில்லை. 1969-இல் புனிதர் நாட்காட்டியைத் திருத்தியபோது கிறிஸ்டோபர் போன்றவர்களின் விழாக்கள் உலகப் பொது வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு உள்ளூர் விருப்பத்துக்கு விடப்பட்டன. ‘இது கதை, இது நடந்தது’ என்று இரண்டு நிறக் காகிதத்தில் படங்களை ஒட்டினால் ஆறு வயதுக்கே வித்தியாசம் புரிகிறது.

நெருப்பும் அம்பும்

புனிதர்களில் பாதிப் பேர் வேதசாட்சிகள். அவர்கள் கையில் பிடித்திருக்கும் பொருள் பல சமயம் அவர்களைக் கொன்ற ஆயுதம். பார்த்தலோமேயுவின் கையில் கத்தி. லாரன்ஸின் பக்கத்தில் இரும்புக் கட்டில். 1557 வாக்கில் வசாயில் பிறந்து, 1597-இல் நாகசாகியில் சிலுவையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்ட கொன்சாலோ கார்சியா, புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பிறவி. இவற்றை நாலு வயதுக்கு எப்படிச் சொல்வது?

கேரளத்துக் குழந்தைகள் அம்பைத் தெரியாதவர்கள் அல்ல. செபஸ்தியாருக்கு எடுக்கும் ‘அம்பு பெருநாள்’ அங்கே ஊரே திரளும் விழா. சின்ன உலோக அம்பு வீடு வீடாகப் போகும். ஆனால் உடம்பெல்லாம் அம்பு தைத்த மனிதரின் படத்தைக் கொடுத்து, ரத்தத்துக்குச் சிவப்பு தீட்டு என்று சொல்வது வேறு. மரபுக் கதையில் செபஸ்தியார் அம்பால் சாகவில்லை. இறந்தார் என்று விட்டுப்போன அவரை ஐரீன் என்ற பெண் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்புகளைப் பிடுங்கி, புண்ணுக்கு மருந்திட்டுப் பிழைக்கவைத்தார். அதன் பிறகும் அரசன் முன் போய் நின்றதால்தான் அடித்துக் கொல்லப்பட்டார். ஐரீனிலிருந்து கதையை ஆரம்பித்தால் கைவேலை மாறிவிடுகிறது. அட்டையில் வெட்டிய மனித உருவத்தில் குத்தியிருக்கும் காகித அம்புகளைக் குழந்தை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்தில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டுகிறது. அடிபட்ட முட்டிக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்ட வயதுக்கு இது நன்றாகவே விளங்கும்.

அல்போன்சாம்மாள் விஷயம் இதைவிடக் கஷ்டம். 1910-இல் குடமாளூரில் பிறந்து 1946-இல் பரணங்கானம் மடத்தில் இறந்தவர். 2008-இல் புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண். அவர் கதையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது உமிக் குழி. 1923-இல், கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க, கனன்றுகொண்டிருந்த உமிக் குழியில் அந்தச் சிறுமி காலை வைத்தாள். சித்திரக் கதைப் புத்தகங்கள் இந்தக் கட்டத்தை விடுவதே இல்லை; நெருப்பு வரைய எளிது, ஆரஞ்சு கிரேயான் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் வகுப்பில் அதை விட்டுவிட வேண்டும். உடம்பைச் சுட்டுக்கொண்டால் கடவுளுக்குப் பிடிக்கும் என்று ஐந்து வயதில் பதிந்தது அழிய நாளாகும். குழியைப் பற்றிப் பேசும் வயது பன்னிரண்டு பதின்மூன்று. அப்போது பேச வேண்டியது நெருப்பைப் பற்றி மட்டும் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிய வீட்டைப் பற்றியும், வேறு வழி தெரியாமல் அவள் செய்ததை இன்றைக்கு ஒரு பெண் செய்ய வேண்டியதில்லை என்பதைப் பற்றியும்தான்.

சின்னவர்களுக்கு அல்போன்சாவிடம் வேறு கதைகள் உண்டு. வாகைக்காட்டில் சிறிது காலம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தார். பிறகு நோய் விடவில்லை. அவர் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். கல்லறையைத் தேடி முதலில் போனவர்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் என்றும், அவர்கள் ஏற்றிய மெழுகுவர்த்தியிலிருந்துதான் பரணங்கானத்தின் பக்தி பரவியது என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். ஒரு கல்லறை, சுற்றிலும் குழந்தைகள், கையில் மெழுகுவர்த்தி: இந்தப் படத்தில் வரைகிற குழந்தைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டு எல்லையிலும் இதே சிக்கல் உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எருமை என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கொம்பு வரைந்து முடியாது. அது சவாரி அல்ல, அவமானப்படுத்துவதற்காகச் செய்தது என்று சொல்லாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வாடிகன் எடுத்துவிட்டது. படத்துக்குக் கீழே பெயர் எழுதும் குழந்தை அதை அப்படியே எழுதினால் போதும்.

ரோஸ் நிற முகங்கள்

எல்லாவற்றையும்விட நிதானமாகக் கவனிக்க வேண்டியது கிரேயான் பெட்டி. இந்தியப் பெட்டிகளில் நெடுநாள் ‘ஸ்கின்’ என்ற பெயரில் வெளிறிய ரோஸ் நிறக் குச்சி ஒன்று இருந்துவந்தது. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் இதே போன்ற ‘ஃப்ளெஷ்’ நிறத்துக்கு 1962-லேயே ‘பீச்’ என்று பெயர் மாற்றிவிட்டது. இங்கே கறுப்பான விரல்கள் அந்த ரோஸ் குச்சியைப் பொறுக்கி எடுத்து, மாதாவுக்கும் சூசையப்பருக்கும் முகம் தீட்டிக்கொண்டிருந்தன. பெயர் போன பெட்டியிலும் பழக்கம் போகவில்லை. புனிதரின் முகத்துக்கு எந்த நிறம் என்று கேட்டால் பதில் தயார். தன் கையின் நிறம் எது என்று கேட்டால் குழந்தை பெட்டியைத் துழாவுகிறது. இந்த இடைவெளியில் சொல்லாமலே ஒரு பாடம் நடந்துவிடுகிறது: புனிதர் என்றால் நம்மைப் போன்ற ஆள் இல்லை.

இதை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் பட்ட பாடு சாமானியமல்ல. கோவாவின் சாந்தோ எஸ்தெவாவ் தீவில் 1902-இல் பிறந்த ஆஞ்செலோ தா பொன்சேகா, சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் பள்ளியில் பயின்றவர். ஊர் திரும்பி மாதாவைச் சேலை கட்டிய மாநிறப் பெண்ணாக, வெறுங்காலோடு வரைந்தார். போர்த்துகீசிய ஆட்சியில் இருந்த கோவாவில் அது எடுபடவில்லை, கண்டனம்தான் மிஞ்சியது. பூனாவுக்குப் போய் ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்துகொண்டே இருந்தார், 1967-இல் காலமானார். அவரது ஓவியங்களில் பெரும் தொகுதி இன்று கோவாவின் போர்வரிமில் சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் இருக்கிறது. துரத்தியது எந்த ஊரோ அதே ஊரில்.

வேடிக்கை என்னவென்றால் கோவாவின் பழைய கைவினைஞர்கள் இதைக் கேட்காமலே செய்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தந்தத்தில் செதுக்கிய நல்ல ஆயன் சிலைகளில் குழந்தை இயேசு ஒரு குன்றின் உச்சியில், கன்னத்தில் கை வைத்து, கண் மூடி, தியானத்தில் இருக்கும் புத்தரைப்போல் உட்கார்ந்திருப்பார். கீழே அடுக்கடுக்காக ஆடுகள். பழைய கோவாவில் சாந்தா மோனிக்கா கன்னியர் மடத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் இந்த மரபைப் பக்கத்தில் பார்க்கலாம். திரும்பி வந்து களிமண்ணில் குன்றும் ஆடும் பிடிக்கச் சொன்னால் நிறப் பிரச்னையே எழாது. மண்ணின் நிறம்தான் எல்லோருக்கும்.

வண்ணம்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, பழுப்பு, கொஞ்சம் வெள்ளை கொடுத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் முழங்கையில் வைத்துப் பார்த்துத் தன் நிறத்தைக் கலக்கட்டும். அந்த நிறத்தில் கொன்சாலோவையும் அல்போன்சாவையும் தீட்டட்டும். இத்தாலிய இளைஞர் கார்லோ அகுதிஸுக்கு மட்டும் ரோஸ் குச்சி போகட்டும். அவருக்கு அது நிஜ நிறம். ஜீன்ஸும் கம்ப்யூட்டருமாக வாழ்ந்து 2006-இல் பதினைந்து வயதில் இறந்து, 2025 செப்டம்பரில் புனிதரான அவரை வரையப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

யாருடைய குழந்தை?

கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்ல. ஞாயிறு வகுப்பில் செய்யும் கைவேலையை அப்படியே திங்கட்கிழமை ஓவிய வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. அரசியல் சட்டத்தின் 28(3)-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் மதப் போதனையில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நவம்பரில் பள்ளிச் சுவரில் எல்லாக் குழந்தைகளும் வரைந்த புனிதர் படங்களை வரிசையாக ஒட்டி மகிழும் தலைமையாசிரியைகள் இதை ஒரு தரம் படித்துக்கொள்வது நல்லது. அபுல் ஹசன் விரும்பி வரைந்தான் என்றால் அது வேறு விஷயம்.

அன்னை தெரசாவை எல்லாக் குழந்தைகளும் வரைகிறார்கள், மதம் பார்க்காமல். வெள்ளைச் சேலையில் மூன்று நீலக் கோடு; அவ்வளவுதான் அடையாளம். (அந்தக் கரை 2016-இல் வணிகச் சின்னமாகவே பதிவானது. காகிதச் சேலைக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை.) அவரையும் வெறும் சேலையாக்கிவிடாமல் இருக்க, 1948 டிசம்பருக்குப் போகலாம். லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்த அவர், கல்கத்தாவின் மோத்திஜீல் சேரியில் பள்ளி தொடங்கினார். கரும்பலகை இல்லை, மேசை இல்லை. ஒரு குச்சியால் மண்ணில் வங்காள எழுத்துகளைக் கீறிக் காட்டினார்.

ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, குச்சியைக் கொடுத்து, இன்றைக்கு நீதான் டீச்சர் என்று சொன்னால் போதும். ஒரு குழந்தை எழுத்தைக் கீறுகிறது. பக்கத்தில் இருப்பது படிக்கிறது. அழித்துவிட்டு இடம் மாற்றிக்கொள்கிறார்கள். சுவரில் ஒட்ட எதுவும் மிஞ்சாது. பெற்றோருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய மரியா மாண்டிசோரியின் வழியில் வந்தவர் சோபியா கவலெட்டி. 1954-இல் ரோமில் சின்னக் குழந்தைகளுக்கான மறைக்கல்வி முறையைத் தொடங்கிய அவரும் சுவரைப் பற்றிக் கவலைப்படவில்லை. சின்ன மர உருவங்களைக் குழந்தை கையால் எடுத்து நகர்த்துகிறது. பிறகு தோன்றியதை வரைகிறது. வரைந்ததைப் பெரியவர்கள் திருத்துவதில்லை, மார்க் போடுவதில்லை. நம் ஊரில் பரிசுப் போட்டி இல்லாமல் ஒரு ஞாயிறு வகுப்பை நடத்திவிட்டால் பாதி தூரம் வந்த மாதிரி. மீதிக்கு வாழைத்தண்டு, மெழுகுவர்த்தி, மணல். மூன்றும் சேர்ந்து ஜெராக்ஸ் செலவைவிடக் குறைவு.